திங்கட்கிழமை வயிற்றுவலி

(நம் மருத்துவமனையின் ஆதரவாளர் கூடுகையில், குழந்தைகள் நலப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை. எழுத்துக்கு ஏற்பச் சிறிது திருத்தப்பட்டுள்ளது. உரையில் வரும் நோயாளிப் பிள்ளைகளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டிருக்கின்றன.)



வழக்கமாக இந்தக் கூடுகையில் டாக்டர்கள் எழுந்தால் ஒரு கட்டடத்தைப் பற்றியோ, வாங்க வேண்டிய ஒரு கருவியைப் பற்றியோ பேசுவார்கள். இன்று எனக்கு அப்படி ஒரு வேண்டுகோளும் இல்லை. காலையில் சீருடை போட்டுக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, உங்கள் வீட்டு வாசலைத் தாண்டிப் போகிற பிள்ளையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் சில பிள்ளைகள் சேர்ந்து ஒரு பிள்ளையை நாள்தோறும் வதைப்பதற்கு நம் பேச்சில் தனியாக ஒரு சொல் இல்லை. கேலி என்கிறோம், கிண்டல் என்கிறோம், சீண்டல், வம்பு என்கிறோம். இப்போதுள்ள பிள்ளைகள் 'கலாய்க்கிறாங்க', 'ஓட்டுறாங்க' என்று சொல்லுகிறார்கள். இந்தச் சொற்கள் எல்லாமே விளையாட்டின் பக்கம் சாய்ந்தவை. ஆகவே ஒரு பிள்ளை வந்து சொன்னால், "வெளையாட்டுக்குத்தானல சொல்லியிருப்பான்" என்ற பதில் நம் வாயில் தயாராக இருக்கிறது. இலங்கைத் தமிழர் பல்கலைக்கழகங்களில் நடக்கும் ராகிங்கைப் 'பகடிவதை' என்கிறார்கள். பகடியும் வதையும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது. அதில் எதுவும் மறைக்கப்படவில்லை.

எது விளையாட்டு, எது வதை என்று பிரித்துக் காட்டியவர் நார்வே நாட்டில் பெர்கன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டான் ஓல்வேயஸ் என்னும் உளவியலாளர். 1982-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டின் வடபகுதியில் மூன்று சிறுவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். உடன் படித்தவர்களின் கொடுமை அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று செய்தி வந்தது. நாடு கலங்கிப்போயிற்று. மறு ஆண்டே அரசாங்கம் பள்ளிகள் அனைத்திலும் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. ஓல்வேயஸ் பெர்கனில் 42 பள்ளிகளில் ஏறத்தாழ 2,500 மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து, இரண்டு ஆண்டுகளில் இந்தக் கொடுமை பாதியளவு குறைந்தது என்று எழுதினார். அவர் சொன்ன அடையாளங்கள் மூன்று. வேண்டுமென்றே செய்வது. திரும்பத் திரும்பச் செய்வது. எதிர்த்து நிற்க முடியாதவனிடம் செய்வது. சம பலமுள்ள இரண்டு பையன்கள் மண்ணில் புரண்டு சண்டை போட்டுவிட்டு மாலையில் ஒரே சைக்கிளில் வீடு திரும்பினால் அது சண்டை, அவ்வளவுதான். மூன்றாவது அடையாளத்தை மட்டும் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். "நீயும் திருப்பி ரெண்டு போடு" என்று நாம் கொடுக்கும் புத்திமதி ஏன் பலிப்பதில்லை என்பதற்கு விளக்கம் அதில்தான் இருக்கிறது. திருப்பிப் போட முடிந்தவனாக இருந்தால் அவனை அவர்கள் தேர்ந்தெடுத்திருக்கவே மாட்டார்கள்.

இனி நம் புறநோயாளிப் பிரிவுக்கு வருகிறேன்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனை அவன் தாய் அடுத்தடுத்து மூன்று திங்கட்கிழமைகள் கூட்டிக்கொண்டு வந்தார்கள். "டாக்டரம்மா, ஞாயித்துக்கெழம சாயங்காலம் வர நல்லாத்தான் இருக்கான். ராத்திரி ஆச்சுன்னா வயித்தப் பிடிச்சிட்டு உக்காந்திருதான். காலையில ஒரே வாந்தி" என்றார்கள். பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. டவுனில் ஸ்கேன் எடுத்தாயிற்று. பாட்டி ஓரிடத்தில் கொண்டுபோய் மந்திரித்துக் கயிறும் கட்டியிருந்தார்கள். (அந்தக் கயிற்றைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். நாங்கள் எடுத்த இரத்தப் பரிசோதனைகளிலும் கயிற்றைவிட அதிகமாக ஒன்றும் தெரியவில்லை.)

கண்டுபிடித்தது எங்கள் நர்ஸ் அக்காதான். எடை பார்க்கும்போது பையன் நான்கு கிலோ குறைந்திருப்பதைக் கவனித்து, "தம்பி, மத்தியானம் என்னப்பா சாப்பிடுத?" என்று சாதாரணமாகக் கேட்டார்கள். அவன் பதில் சொல்லவில்லை. அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, எடை இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு அவனோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். எட்டு மாதமாக அவன் மதியச் சோறு அவன் வயிற்றுக்குப் போகவில்லை. டிபன் பாக்ஸைக் கடைசிப் பெஞ்சில் வாங்கித் திறந்து, சில நாள் சாப்பிட்டுவிடுவார்கள், சில நாள் அதில் துப்பிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். அவனுக்குத் திக்குவாய் உண்டு. தன் பெயரைச் சொல்லும்போது முதல் எழுத்து மூன்று தடவை வரும். வகுப்பில் அந்த மூன்று எழுத்துமே அவன் பெயராகிவிட்டது. ஒருநாள் வருகைப் பதிவு எடுத்த ஆசிரியரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். வகுப்பே சிரித்தது. அவனும் கூடச் சேர்ந்து சிரித்தானாம். அதை அவன் சொன்ன விதத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

இந்த வயிற்றுவலி பாசாங்கு அல்ல என்பதைப் பெற்றோருக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மூளைக்கும் குடலுக்கும் நடுவே நரம்புகள் ஓடுகின்றன. அஞ்சுகிற உடம்பில் குடலின் இயக்கம் மாறும், பசி அடங்கும், குமட்டல் வரும். பரீட்சைக்கு முன்னால் வயிறு கலங்காதவர்கள் நம்மில் யார்? அந்தக் கலக்கம் வருஷத்தில் இரண்டு நாள் வந்தால் நாம் சிரித்துக்கொள்ளலாம். இருநூறு நாள் வந்தால் அது நோய். சில பிள்ளைகளுக்குத் தலைவலியாக வரும். சிலர் பன்னிரண்டு வயதில் மறுபடி படுக்கையை நனைப்பார்கள். சிலருக்குத் தூக்கம் போய்விடும். பேனா, காசு, குடை அடிக்கடி "தொலைந்துபோகும்". பள்ளியில் கழிப்பறைக்குப் போக அஞ்சி, தண்ணீரே குடிக்காமல் இருந்து, சிறுநீர்த் தொற்றோடு வருகிற பெண்பிள்ளைகளை நாங்கள் பார்க்கிறோம்.

வேதத்தில் அன்னாளின் கதையை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். பெனின்னாள் வருஷா வருஷம் அவள் மனம் மடிவாகும்படி சீண்டினாள். அன்னாள் சாப்பிடாமல் அழுதாள். ஏன் சாப்பிடவில்லை என்று புருஷன் கேட்டான். பிரசங்கத்தில் நாம் சாமுவேலின் பிறப்புக்கு விரைந்து போய்விடுகிறோம். வைத்தியராகிய நான் அந்தச் சாப்பிடாத தட்டண்டை சற்று நின்றுவிடுகிறேன்.

அந்தப் பையனின் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். தகப்பனார் கேரளாவில் பெயிண்டர் வேலை. செய்தி கேட்டு வந்தவர் முதலில் செய்தது, "ஆம்பளப் பிள்ளையால நீ" என்று மகனை அடித்ததுதான். பாட்டி மருமகளைக் குற்றம் சொன்னார்கள்: செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்று. தாய் வீட்டில் பீடி சுற்றுகிறவர்கள். நாள் ஒன்றுக்கு ஆயிரம் சுற்றிய கை அறுநூறுக்கு மேல் ஓடவில்லை. ஸ்கேனுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. அதே பள்ளியில் ஆறாம் வகுப்பில் தங்கை படித்தாள். அண்ணனோடு கைகோத்துப் போய்க்கொண்டிருந்த பிள்ளை, இருபதடி பின்னால் தனியாக நடக்க ஆரம்பித்தாள். அந்தப் பட்டப்பெயரைச் சொல்லி, "அவன் தங்கச்சி" என்று அவளையும் கூப்பிட்டார்கள். ஒரு பிள்ளையின் தட்டில் துப்பியபோது அந்த வீட்டில் ஐந்து பேர் சாப்பாட்டையும் அது கெடுத்தது.

இது எத்தனை நாளைக்கு? வளர்ந்தால் சரியாகிவிடும் என்றுதான் நாம் எல்லோரும் எண்ணுகிறோம். பிரிட்டனில் 1958-ஆம் ஆண்டு ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை ஆயுள் முழுவதும் தொடர்ந்து கவனித்துவரும் ஓர் ஆய்வு உண்டு. அவர்களில் 7,771 பேருடைய பெற்றோரிடம், பிள்ளைகளுக்கு ஏழு வயதிலும் பதினொன்றிலும், மற்றப் பிள்ளைகள் இவனைத் தொல்லை செய்கிறார்களா என்று கேட்டு எழுதிவைத்தார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 2014-இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். அடிக்கடி வதைக்கப்பட்ட பிள்ளைகளுக்கு நடுவயதிலும் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன. தற்கொலை எண்ணமும் அப்படியே. உடல்நலமும் குறைவு, தங்களுக்கென்று ஒரு துணையும், கஷ்டத்தில் கைகொடுக்கும் நண்பர்களும் இல்லாதவர்களும் அவர்களில் அதிகம். வீட்டின் வறுமை, பிள்ளையின் படிப்புத்திறன் இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்த பிறகும் இந்த வித்தியாசம் நின்றது. நாற்பது ஆண்டுகள்! காயத்துக்கு நாங்கள் போடுகிற தையலைப் பத்து நாளில் பிரித்துவிடுகிறோம்.

இது அயல்நாட்டுக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2019-இல் யுனெஸ்கோ வெளியிட்ட கணக்கின்படி உலகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு மாணவர் முந்தைய ஒரு மாதத்துக்குள் ஒரு தடவையேனும் இதை அனுபவித்திருக்கிறார். நம் நாட்டிலோ இதற்குள் சாதியும் வந்து உட்கார்ந்துகொள்ளுகிறது.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்ட் 9-ஆம் தேதி இரவு நடந்ததை இங்கு இருக்கிற யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு படித்த, தலித் குடும்பத்தைச் சேர்ந்த பையன். ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த சக மாணவர்கள் தொல்லை செய்ததால் பள்ளிக்குப் போகாமல் நின்றுவிட்டான். ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. அதன் பின் அந்த மாணவர்கள் இரவில் வீட்டுக்குள் புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். குறுக்கே விழுந்து தடுத்த தங்கைக்கும் வெட்டு. அந்த அதிர்ச்சியில் உறவினரான பெரியவர் ஒருவர் மயங்கி விழுந்து இறந்துபோனார். பையனும் தங்கையும் பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். மறு ஆண்டு மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்தபோது அந்தப் பையன் 600-க்கு 469 மதிப்பெண் எடுத்திருந்தான் என்று படித்து நாம் எல்லோரும் மகிழ்ந்தோம்.

மகிழ்ந்தது சரிதான். ஆனால் அந்த மதிப்பெண்ணோடு கதை முடிந்துவிட்டது என்று பத்திரிகையை மடித்து வைத்துவிடக்கூடாது. உண்மையைச் சொன்ன பிறகுதான் வெட்டு விழுந்தது என்பதை நம் மாவட்டத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "சொன்னா இன்னும் மோசமாவும்" என்று என்னிடம் சொல்லுகிற பிள்ளைக்கு இதைத் தவிர வேறு ஆதாரம் வேண்டாம். ஆகவே புகாரை யார் வாங்குகிறார்கள், வாங்கியபின் அடுத்த இரண்டு நாளில் என்ன செய்கிறார்கள் என்பது உயிர் சம்பந்தப்பட்ட காரியம். வதைத்தவனையும் வதைபட்டவனையும் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்கச் சொல்லும் வழக்கம் பல பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. சம பலமுள்ளவர்களுக்கு அது சமாதானம். மற்றப்படி, வாசலைத் தாண்டினதும் அடி விழும்.

அந்தச் சம்பவத்துக்குப் பின் அரசு நியமித்த நீதிபதி கே. சந்துரு அவர்களின் குழு 2024 ஜூன் மாதத்தில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை எடுப்பது, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டவிடாமல் தடுப்பது, அகரவரிசைப்படி உட்கார வைப்பது, ஐந்நூறு மாணவருக்கு மேல் உள்ள பள்ளிகளில் நலன் காக்கும் அலுவலர் ஒருவரை வைப்பது என்று பல பரிந்துரைகள் அதில் உள்ளன. சிலவற்றுக்கு எதிர்ப்பும் வந்தது. எனக்கு அதில் மிகவும் உபயோகமாகத் தோன்றுவது அந்த அலுவலர்தான். வகுப்பெடுக்க வேண்டாத, மார்க் போட வேண்டாத ஒரு பெரிய ஆள் பள்ளிக்குள் இருந்தால் பிள்ளை அவரிடம் போய் உட்காரும்.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கில் கொல்லப்பட்ட கோரத்துக்குப் பின்னர், 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. பிள்ளையை மனரீதியாகத் துன்புறுத்துவதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்கிறது. சட்டம் நல்லதுதான். அது வகுப்பறையின் கடைசிப் பெஞ்சுவரை நடந்து போவதற்குத்தான் ஆள் வேண்டும்.

போனைப் பற்றி இரண்டு வார்த்தை. முன்பெல்லாம் மாலை நாலரைக்கு மணி அடித்தால் பிள்ளைக்கு மறுநாள் வரை விடுதலை. இப்போது வகுப்புக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு, அதிலிருந்து ஒரு பிள்ளையை மட்டும் விட்டுவிட்டு இன்னொரு குழு, அதற்குள் அந்தப் பிள்ளையின் படம். இரவு பதினொரு மணிக்கும் பள்ளிக்கூடம் தலையணைக்கு அடியில் இருக்கிறது. போனைப் பிடுங்கி வைத்துவிடுவோம் என்று பயந்தே பிள்ளைகள் நம்மிடம் சொல்லுவதில்லை. பிடுங்குவதற்கு முன், அந்தப் படங்களையும் செய்திகளையும் அழிக்காமல் எடுத்து வையுங்கள். பிறகு அவைதான் சாட்சி.

இங்கே கொஞ்சம் நம் வீட்டுக் காரியத்தையும் பேசுவோம். சபைகளில் பட்டப்பெயர் இல்லையா? நிறத்தைச் சொல்லி, உடம்பைச் சொல்லி, காலின் ஊனத்தைச் சொல்லி நாம் கூப்பிடுகிற பெயர்களைப் பிள்ளைகள் ஞாயிறு பள்ளியிலிருந்து திங்கட்கிழமை வகுப்புக்கு எடுத்துப் போகிறார்கள். உங்களில் பலர் ஹாஸ்டல் பிள்ளைகளைத் தாங்குகிறீர்கள். மாதந்தோறும் தவறாமல் பணம் அனுப்புகிறீர்கள். அடுத்த தடவை ஹாஸ்டலைப் பார்க்கப் போகும்போது, பாட்டுப் பாடச்சொல்லிக் கேட்டு பிஸ்கட் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டாம். சின்னப் பிள்ளைகள் எங்கே படுக்கிறார்கள், பெரிய பிள்ளைகளின் துணியை யார் துவைக்கிறார்கள், இரவு பத்து மணிக்கு மேல் அந்த வராந்தாவில் விழித்திருக்கும் பெரியவர் யார் என்று வார்டனிடம் கேளுங்கள். கொடுக்கிறவர் கேட்டால் பதில் சொல்லுவார்கள்.

வதைக்கிற பிள்ளையும் பிள்ளைதான். நான் பார்த்த அப்படிப்பட்ட பையன்களில் சிலர் வீட்டில் பெல்ட் அடி வாங்குகிறவர்கள். சிலர் ஒன்றும் குறைவில்லாதவர்கள், சுற்றி நின்று சிரிக்கிற கூட்டத்துக்காகச் செய்கிறவர்கள். இருவருக்கும் ஒரே மருந்து இல்லை. பள்ளியைவிட்டு நீக்கினால் அடுத்த பள்ளிக்கு அதைக் கொண்டுபோவார்கள். சிரிக்கிற கூட்டத்தைக் கலைப்பது பெரும்பாலும் வேலை செய்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் ஒருவன் எழுந்து, "வாடா, நாம கேன்டீனுக்குப் போவோம்" என்று வதைபடுகிறவனைக் கூட்டிக்கொண்டு போனால் போதும்.

இன்னொன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். "நான் இல்லாட்டா நீங்கல்லாம் நிம்மதியா இருப்பீங்க" என்று ஒரு பிள்ளை சொன்னால், தான் ஆசையாக வைத்திருந்த பொருள்களை எடுத்துப் பிறருக்குக் கொடுத்தால், அன்றே கவனியுங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பிள்ளைக்குப் பாரம் இறங்கும். தனியே விடாதீர்கள். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தை வீட்டில் வைக்காதீர்கள். வைத்தால் பூட்டி வையுங்கள். நம்மைப்போன்ற ஆஸ்பத்திரிகளில் பணிபுரிகிறவர்களுக்கு இந்த ஒரு வரியின் கனம் தெரியும். 1098 என்ற எண்ணில் குழந்தைகளுக்கான உதவியும், 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனையும் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள்.

அந்தத் திக்குவாய்ப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தலைமையாசிரியைக்கு மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதம் கொடுத்தோம். தாயும் நர்ஸ் அக்காவும் சேர்ந்து போனார்கள். அந்த அம்மா நல்லவர்கள். பிரார்த்தனைக் கூட்டத்தில் அவன் பெயரைச் சொல்லி எதையும் பேசவில்லை. கடைசிப் பெஞ்சைக் கலைத்தார்கள், மதிய வேளையில் இரண்டு ஆசிரியர்களை மரத்தடியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார்கள், அந்தப் பசங்களின் பெற்றோரைத் தனித்தனியே வரவழைத்தார்கள். தகப்பனார் எங்களிடம் இரண்டு தடவை வந்தார். இரண்டாம் தடவை அதிக நேரம் அழுதார். பேச்சுப் பயிற்சி நடக்கிறது. திக்கு இன்னும் இருக்கிறது, வயிற்றுவலி இல்லை. தங்கை மறுபடி அண்ணனோடு சேர்ந்து நடக்கத்தான் மேலும் பல மாதங்கள் ஆயின.

கூட்டம் தொடங்குமுன் ஒரு பாட்டியம்மா என்னைப் பிடித்துக்கொண்டு, "பேரன் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கான் டாக்டரம்மா, என்னத்தன்னு கேக்க?" என்றார்கள். எல்லாருக்குமாகவே பதில் சொல்லுகிறேன். "உன்னை யாரும் அடிக்கிறாங்களா?" என்று கேட்டால் "இல்ல" என்றுதான் வரும். "இன்னைக்கு மத்தியானம் யாரு பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட?" என்று கேளுங்கள் பாட்டி. நாளைக்கும் கேளுங்கள். ஒரு வாரம் முழுக்க ஒரு பெயரும் வரவில்லையென்றால், சனிக்கிழமை காலை நம் ஓ.பி.க்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். காய்ச்சல் இருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை.